பருத்தி உதவாத மலை

பொங்கல் கழிந்த மறுவாரம் ஓர் இரவில், விஸ்வநத்தத்தில் எங்கள் அச்சகத்து மொட்டை மாடியில் நான்கு முதுகுப்பைகளைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, கழிவு நாட்காட்டித் தாள்களை விரித்து அவற்றின் மேல் சாமான்களைக் கடைபரப்பியிருந்தோம். மறுநாள் மதுரையில் ரயில். காற்றில் லேசான ஈரம் இருந்தது. எங்களூரில் அதற்குத்தான் குளிர் என்று பெயர்.

நாங்கள் நான்கு பேர். அச்சு இயந்திரம் ஓட்டுபவர் ஒருவர், பள்ளி ஆசிரியர் ஒருவர், மருந்துக்கடைக்காரர் ஒருவர். நான்காமவர், எங்கள் எல்லாருக்கும் மூத்தவர், ஒரு பட்டாசு ஆலையில் ஃபோர்மேன். அண்ணாச்சி என்பதைத் தவிர வேறு பெயரில் அவரை நாங்கள் அழைத்ததில்லை. பொருட்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து வந்த அண்ணாச்சி, உடம்போடு ஒட்டி அணிகிற பாலியெஸ்டர் உள்ளாடையைத் தொட்டதும் நின்றுவிட்டார். இடது கையால் கசக்கிப் பார்த்தார்.

"இது நைலான் ரகம்லா. இத மாட்டிக்கிட்டுப் போனா எங்க ஆலை கேட்லயே நிப்பாட்டி வீட்டுக்கு அனுப்பிருவாக."

அவர் சொன்னதில் பிழை ஏதுமில்லை. பட்டாசுத் தொழிலில் பருத்தி உடை என்பது ஒழுங்குவிதி மட்டுமல்ல, உயிர்விதி. செயற்கை இழைத் துணி உடம்பில் உரசும்போது நிலைமின்சாரம் சேரும். கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி போதும், மருந்து கலக்கிற அறை போய்விடும். அதனால்தான் அறைக்குள் நுழைவதற்கு முன் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பின் மின்னை இறக்கிவிட்டுப் போகச் சொல்கிறார்கள். பாலியெஸ்டர் புடவை கட்டி வந்த பெண்களை வாசலிலேயே திருப்பி அனுப்பியதாக அண்ணாச்சி சொல்லக் கேட்டிருக்கிறோம். முப்பது வருடம் அவருடைய உடம்பில் பருத்தியைத் தவிர வேறெதுவும் ஏறியதில்லை. கல்யாண வீட்டுக்குக்கூடப் பருத்திச் சட்டைதான்.

நாங்கள் போகவிருந்த இடத்திலோ விதி தலைகீழ். பனிமலையில் ஏறுகிறவனுக்கும் வியர்க்கும். பருத்தி அந்த வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், எளிதில் உலராது. காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடம்பின் சூட்டை உறிஞ்சக்கூடியது தண்ணீர். நடக்கும்வரை தெரியாது, நின்ற ஐந்தாவது நிமிடம் நனைந்த பனியன் நெஞ்சில் ஈரத்துணிபோல் ஒட்டிக்கொண்டு நடுக்கத்தைத் தொடங்கிவைக்கும். ஆகவே உடம்போடு ஒட்டியது வியர்வையை வெளியே தள்ளும் செயற்கை இழையாகவோ கம்பளியாகவோ இருக்கவேண்டும். அதன்மேல் சூட்டைப் பிடித்துவைக்கும் தடித்த மேலாடை, எல்லாவற்றுக்கும் மேல் காற்றையும் ஈரத்தையும் தடுக்கும் உறை. ஏறும்போது ஒன்றைக் கழற்றவேண்டும், நிற்கும்போது மாட்டவேண்டும். ஒரே தடிமனான கோட்டைவிட மூன்று மெல்லியவை நல்லது என்பதற்கு இதுதான் காரணம்.

ஆசிரியர் இதையெல்லாம் கரும்பலகை இல்லாத குறையாக விளக்கினார். அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, அங்க மருந்து இல்லேல்ல?" என்று மட்டும் கேட்டார். பிறகு உள்ளாடையை மடித்துப் பையில் வைத்தார். ஆனால் அதற்கடியில் இரண்டு பருத்திப் பனியன்களும் போயின. நாங்கள் பார்த்தோம், தடுக்கவில்லை.

அச்சுத்தொழில் செய்கிற ஊர்க்காரனுக்கு விடுமுறை என்பது தையில்தான் வரும். ஆடிப்பெருக்கன்று புத்தாண்டு நாட்காட்டி ஆல்பத்துக்குப் பூசை போட்டால் மார்கழி முடியும்வரை இயந்திரம் நிற்காது. அந்த வேலையெல்லாம் ஓய்ந்த பின் எங்கேயாவது போவது எங்கள் வழக்கம். பெரும்பாலும் குற்றாலம், கொடைக்கானல். இமயமலையைப் பனிக்காலத்தில் பார்க்கவேண்டும் என்ற ஆசை, எங்கள் இயந்திரத்தில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் அடித்துத் தள்ளும் பனிமலைப் படங்களால் வந்ததுதான். தேர்ந்துகொண்டது உத்தரகண்டில் உள்ள கேதார்கந்தா. உயரம் ஏறத்தாழ 12,500 அடி. பனிக்காலத்திலும் புதியவர்கள் ஏறக்கூடியது என்று பெயர் பெற்றது. அந்தப் பெயரை நம்பியே வருகிற கூட்டம் அதிகம் என்பதையும் போனபிறகுதான் தெரிந்துகொண்டோம்.

பயிற்சிக்கு எங்களுக்கிருந்தது சதுரகிரி. மார்கழியில் மலையேற அனுமதித்த நாட்களில், தண்ணீர்ப் போத்தல்களால் எடைகூட்டிய பைகளோடு தாணிப்பாறையிலிருந்து இருமுறை ஏறினோம். சங்கிலிப்பாறை, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம் என்று பாதை பழக்கமானதுதான், ஆனால் பத்துக் கிலோ முதுகில் ஏறியதும் ஒவ்வொரு படிக்கல்லும் புதிதாகத் தெரிந்தது. புதுக் காலணியை வீட்டில் போட்டுப் பார்ப்பது வேறு, இறக்கத்தில் பெருவிரல் நகம் முன்னே போய் முட்டுவது வேறு. நகத்தை ஒட்ட வெட்டவேண்டும் என்பதைச் சதுரகிரிதான் சொல்லிக்கொடுத்தது. வயதான பெண்மணிகள் வெறுங்காலோடு எங்களைக் கடந்து போனதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

மலை தாழ்ந்தது என்பதால் ஆபத்தும் குறைந்தது என்று எங்கள் பக்கத்தில் யாரும் நினைப்பதில்லை. 2015 மே மாதம் இதே சதுரகிரி ஓடைகளில் திடீர் வெள்ளம் வந்து பக்தர்கள் உயிரிழந்தார்கள். பக்கத்து மாவட்டத்தில், 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில், காய்ந்த புல்வெளியில் பரவிய தீயில் மலையேற்றக் குழுவினர் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வடக்கே 2024 ஜூன் தொடக்கத்தில், கோடைக்காலத்தில், உத்தரகண்டின் சகஸ்ர தால் பாதையில் கர்நாடகத்திலிருந்து போன 22 பேர் கொண்ட குழு பனிப்புயலில் சிக்கியது. 9 பேர் திரும்பவில்லை. அந்தச் செய்தியை எங்கள் குழுவில் மாறிமாறிப் படித்தோம். அனுபவமுள்ளவர்கள், ஆடை வைத்திருந்தவர்கள். வானிலை சில மணிநேரத்தில் மாறிவிட்டது. அண்ணாச்சி அதைக் கேட்டுவிட்டு, "இடி இடிச்சா நாங்க அறையப் பூட்டிட்டு வெளிய வந்திருவோம். செஞ்சது பாதியில கெடந்தாலும் சரி" என்றார். அந்த வாக்கியத்தை அப்போது சும்மா கேட்டுக்கொண்டோம்.

மாடியில் விரித்திருந்தவற்றை முழுதாகச் சொன்னால் மளிகைச் சீட்டாகிவிடும். கவனித்தவற்றை மட்டும் சொல்கிறோம். காலுறை நான்கு சோடி. அதில் ஒரு சோடி இரவுக்கு மட்டும், அது நனையவே கூடாது. வெளிப்பை என்னதான் நனையாது என்று விற்றாலும், உள்ளே எல்லாவற்றையும் தடித்த பிளாஸ்டிக் உறைகளில் கட்டினோம். பட்டாசுப் பெட்டி கட்டுகிற ஊருக்கு இது சொல்லித்தரவேண்டியதில்லை. கறுப்புக் கண்ணாடி அலங்காரத்துக்கல்ல, பனியில் பட்டுத் திரும்பும் வெயில் சில மணிநேரத்தில் விழியைப் புண்ணாக்கும். தலைவிளக்கும் மாற்று மின்கலங்களும் எடுத்துக்கொண்டோம்; மின்கலம் குளிரில் சீக்கிரம் செத்துப்போகும், ஆகவே இரவில் தூக்கப்பைக்குள் உடம்போடு வைத்துக்கொள்ளவேண்டும். மருந்துக்கடைக்காரர் தனிப்பெட்டி கட்டினார். உயர நோய்க்கான மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்கியிருந்தார், ஆனால் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: தலைவலியும் குமட்டலும் வந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு மேலே போவது வைத்தியமல்ல, கீழே இறங்குவதுதான் வைத்தியம்.

தீப்பெட்டி எடுத்துக்கொள்ளவில்லை. ஆலை வாசலில் தினமும் சட்டைப்பையைத் தட்டிக்காட்டிவிட்டு உள்ளே போகிற அண்ணாச்சிக்குப் பையில் தீப்பெட்டி என்ற எண்ணமே வராது. எங்களுக்கும் தோன்றவில்லை.

இனி, விட்டுப்போன ஒன்றைச் சொல்லவேண்டும். அழைத்துப் போகிற நிறுவனம் ஒரு படிவம் அனுப்பியிருந்தது. இரத்த அழுத்தம், சர்க்கரை, ஆஸ்துமா என்று வரிசையாகக் கேட்டு, கடைசியில் பழைய காயங்கள், அறுவை சிகிச்சைகள் என்று ஒரு கட்டம். நான்கு பேருக்கும் அதில் 'இல்லை' என்று எழுதினோம். எழுதும்போது அண்ணாச்சி எங்களுக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். அவருடைய வலது கையில் மூன்று விரல்களும் புறங்கையும் தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்டியவை. ஆலை விபத்து ஒன்றில் வெந்தது. அதைப் பற்றி அவரும் பேசுவதில்லை, நாங்களும் கேட்பதில்லை. அப்படிப்பட்ட கைகளை எங்கள் பக்கத்தில் தேநீர்க்கடையிலும் பேருந்திலும் பார்த்துப் பார்த்து, அது ஒரு காயம் என்பதே எங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போயிருந்தது. மூக்கு எடுப்பாக இருப்பதுபோல், அண்ணாச்சியின் கை அப்படி. அவ்வளவுதான்.

தேராதூனிலிருந்து ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர், முசூரி, புரோலா, மோரி வழியாகச் சாங்க்ரி. வளைவுகளில் இயந்திரம் ஓட்டுபவர் மூன்று முறை வாந்தி எடுத்தார். சாங்க்ரியில் பனிக்காலணி, கால்மூடி, அடியில் மாட்டும் இரும்புமுள் சங்கிலி ஆகியவற்றை வாடகைக்கு எடுத்தோம். ஒரு கடையில் வழிகாட்டிப் பையன் தீப்பெட்டி வாங்கினான். எரிவாயு லைட்டர் இருக்கிறதே என்று ஆசிரியர் இந்தியில் கேட்டதற்கு, மேலே குளிரில் அது பற்றாது, தீப்பெட்டி நனையாமல் இருந்தால் பற்றும் என்றான். உண்மைதான், லைட்டரில் உள்ள பியூட்டேன் பூச்சியம் பாகையை ஒட்டி ஆவியாவதையே நிறுத்திவிடும். பெட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்தோம். எங்கள் பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸ் சரக்கு. அண்ணாச்சி அதை அவனிடம் விளக்க முயன்றார். மொழி தடுத்தது, பெருமை தடுக்கவில்லை.

முதல்நாள் கூடாரம், ஜூடா கா தாலாப் என்ற உறைந்த குளத்தருகே. இரவில் மேலாடையைக் கழற்றியபோது இருட்டில் சடசடவென்று நீலப்பொறிகள் ஓடின. உலர்ந்த குளிர்க்காற்றில் செயற்கைக் கம்பளி செய்கிற வேலை. நாங்கள் சிரித்தோம். அண்ணாச்சி எழுந்து உட்கார்ந்துவிட்டார். அவருடைய இடது கை பக்கத்தில் எதையோ தேடித் துழாவியது. செம்புத்தகட்டை என்று எங்களுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. அன்றிரவு அவர் நெடுநேரம் உறங்கவில்லை. கூடாரத்துக்குள் அடுப்பு வேண்டும் என்று கேட்ட பக்கத்துக் குழு இளைஞர்களை வழிகாட்டி அதட்டியதையும் அப்போதுதான் கேட்டோம். அடைத்த இடத்தில் கரியோ அடுப்போ எரிந்தால் மணமில்லாத நச்சுவாயு சேர்ந்து உறக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோகும். வட இந்தியாவில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் கரிக்கணப்பு மூட்டி அறையைச் சாத்திப் படுத்தவர்கள் எழாத செய்தி வருகிறது. "நெருப்பு சத்தம் போடாமயும் கொல்லுமா?" என்றார் அண்ணாச்சி இருட்டில்.

இரண்டாம் நாள் மாலை அடிவாரக் கூடாரம் சேர்ந்தோம், 11,000 அடிக்குச் சற்று மேல். வெயில் சரிந்ததும் குளிர் ஏதோ பொருள்போல் வந்து இறங்கியது. தண்ணீர்ப் போத்தல்களைத் தலைகீழாக வைத்தோம். பனிக்கட்டி மேலிருந்து கட்டும், கவிழ்த்து வைத்தால் வாய்ப்பக்கம் அடைபடாது. பின்னிரவு இரண்டரை மணிக்கு உச்சிக்குக் கிளம்பவேண்டும். இரும்புமுள் சங்கிலியின் ரப்பர் பட்டை ஒன்று கழன்றிருந்தது. அண்ணாச்சி கையுறையோடு இரண்டு முறை முயன்றுவிட்டு, கருவி வேலைக்குக் கையுறை சரிப்படாது என்று கழற்றி வைத்துவிட்டு வெறுங்கையால் இரும்பைப் பிடித்து மாட்டினார். நான்கு பேருக்கும் மாட்டிப் பார்த்துக் கொடுத்தார். கால் மணிக்குமேல் ஆகியிருக்கும். பழக்கதோஷத்தில் அன்று காலை உள்ளே போட்டிருந்தது பருத்திப் பனியன் என்பதும் பிறகு தெரிந்தது. மேலுடம்பு ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருந்தது.

தேநீர் கொடுக்க வந்த வழிகாட்டிப் பையன்தான் கோப்பையை நீட்டியவன், நீட்டியபடியே நின்றான். அண்ணாச்சியின் வலது கை விரல்கள் மூன்றும் மெழுகுபோல் வெளுத்திருந்தன. 'வலிக்கிறதா' என்று கேட்டான். ஆசிரியர் மொழிபெயர்த்தார்.

"இல்லப்பா, உணர்ச்சியே இல்ல."

"எப்போதிலிருந்து?"

"பதினேழு வருசமா."

ஆசிரியர் அதை மொழிபெயர்த்தபோது, உயரத்தால் புத்தி தடுமாறுகிறதென்று பையன் நினைத்துவிட்டான். பிறகுதான் கதை முழுவதையும் சொல்லவேண்டியிருந்தது. அதற்குள் அண்ணாச்சி, யாரும் எதிர்பாராமல், மனிதர் எல்லாரும் செய்வதையே செய்தார். சமையல் கூடாரத்து அடுப்பை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டு நடந்தார். பையன் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். உறைந்த தோலைத் தேய்க்கக் கூடாது, நெருப்பில் காட்டக் கூடாது. உணர்ச்சியற்ற தோல் வேகும்போதும் தெரியாது. ஒருமுறை நெருப்பில் போன கை, தெரியாமலே இன்னொருமுறை போயிருக்கும், எங்கள் கண் முன்னால். மருந்துக்கடைக்காரர் தம் சட்டையைத் திறந்து அந்தக் கையைத் தம் அக்குளில் இடுக்கிக்கொண்டார். ஈரப் பனியனைக் கழற்றி உலர்ந்ததை மாட்டினோம். வாங்கித் தந்த வெதுவெதுப்பான தண்ணீரை அண்ணாச்சியைச் சோதிக்க விடாமல் எங்கள் முழங்கையால் சோதித்தோம். ஒட்டுத்தோலில் இரத்த ஓட்டம் குறைவு, குளிர் முதலில் அங்கேதான் பிடிக்கும் என்று மருந்துக்கடைக்காரர் மெதுவாகச் சொன்னார். அவருக்கு இது தெரியும். முன்பே தெரியும்.

அரைமணியில் இரண்டு விரல்களில் சிவப்பு திரும்பியது. சுண்டுவிரல் தாமதித்தது. வழிகாட்டி ஆசிரியரிடம் ஒன்றே ஒன்று கேட்டான்: படிவத்தில் ஏன் எழுதவில்லை? ஆசிரியர் அதை எங்களுக்கு மொழிபெயர்க்கவில்லை. எங்களுக்கு அந்த அளவு இந்தி புரியும்.

அண்ணாச்சி மேலே வரக்கூடாது என்பதில் அவனுக்கு ஐயமில்லை. ஒருமுறை உறைந்து இளகியது மறுபடி உறைந்தால் விரல் போகும். அண்ணாச்சி எங்களைப் போகச் சொன்னார். கெஞ்சினார், பிறகு ஆலைக்குரலில் உத்தரவு போட்டார். இவ்வளவு தூரம், இவ்வளவு பணம், தன்னால் மற்றவர்களுக்கு ஏன் கெடவேண்டும் என்றார். துணைக்கு ஓர் ஆள் போதும் என்று வழிகாட்டியும் சொன்னான். எங்களுக்கும் போகவேண்டும் என்றுதான் இருந்தது, இதை மறைப்பதில் பொருளில்லை. இயந்திரம் ஓட்டுபவர்தான் கடைசியில், "ஒங்க அறையில புகை வந்தா நாலு பேர்ல ஒருத்தர் மட்டுமா வெளிய வருவாக?" என்று கேட்டார். அண்ணாச்சி அதற்குமேல் பேசவில்லை. கோபத்தில் தூக்கப்பையை இழுத்து மூடிக்கொண்டார்.

இரண்டரை மணிக்கு மற்றக் குழுக்கள் கிளம்பின. கூடாரத்து வாயிலிலிருந்து பார்த்தோம். தலைவிளக்குகள் வரிசையாகச் சரிவில் ஏறின, இருட்டில் நீளமான திரி ஒன்று மெதுவாகப் பற்றிப் போவதுபோல. விடிந்ததும் இறங்கினோம். அரைமணிக்கு ஒருமுறை அண்ணாச்சியை நிறுத்தி, கையுறையைக் கழற்றச் சொல்லி, விரல் நிறத்தைப் பார்த்தோம். முதல் இரண்டு முறை முறைத்தார். மூன்றாம் முறை அவராகவே நின்று கையை நீட்டினார்.

சுண்டுவிரலில் கொப்புளம் கண்டு தோலுரிந்தது. மதுரையில் மருத்துவர் பார்த்துவிட்டு விரல் தங்கும் என்றார், தங்கியது. தேராதூன் வரை எங்களோடு பேசாத அண்ணாச்சி ரயிலில் நாக்பூர் தாண்டியபின் முறுக்குப் பொட்டலத்தை நீட்டினார்.

அடுத்த தைக்கு வேறொரு மலை பேசி, வேறொரு படிவம் வந்தது. பட்டியலில் சில மாற்றங்கள் செய்திருந்தோம். உள்ளே மெல்லிய கையுறை, அதன்மேல் விரல் பிரியாத கம்பளிக் கையுறை. இரண்டையும் குழந்தைகளுக்குச் செய்வதுபோல் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டுவது. பருத்திப் பனியன்கள் ரயிலோடு சரி. படிவத்தை ஆசிரியர் நிரப்பிக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி பேனாவை வாங்கிக்கொண்டார். பழைய காயங்கள் என்ற கட்டத்தில் அவரே எழுதினார், வருடம், எந்த அறை, என்ன மருந்து, எத்தனை விரல், உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்று. கட்டம் போதவில்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் தொடர்ந்தார். நாங்கள் அதுவரை கேட்டிராத இரண்டு பெயர்கள் அதில் இருந்தன.